முதலில் ஆட்டங்களை நடத்துங்கள்

2024 ஜூன் 11 அன்று தோஹாவில் நடந்த உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று ஆட்டத்தில், ஆசிய சாம்பியனான கத்தாரை எதிர்த்து இந்தியா 1–0 என முன்னிலையில் இருந்தது. 73ஆவது நிமிடத்தில் கத்தார் வீரர் தலையால் முட்டிய பந்தை கோல்கீப்பர் குர்பிரீத் சிங் சந்து தடுத்தார். பந்து உருண்டு எல்லைக் கோட்டை முழுவதுமாகத் தாண்டியது. வெளியே போன பந்தைக் கத்தார் வீரர் ஒருவர் காலால் உள்ளே இழுத்துவிட, யூசுஃப் அய்மன் வலைக்குள் அடித்தார். தென் கொரிய நடுவர் அதைக் கோல் என்று அறிவித்தார். இந்தியா 1–2 என்று தோற்றது. வென்றிருந்தால் தகுதிச் சுற்றின் மூன்றாம் கட்டத்துக்கு நம் அணி முதன்முறையாகப் போயிருக்கும்.

அது அப்பட்டமான அநீதி. நடுவரும் மனிதர்தான், கண் ஏமாறலாம். ஆனால் அந்தப் பிழையைத் திருத்த மைதானத்தில் எந்த ஏற்பாடும் இல்லாமல் போனதற்கு ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்புதான் பொறுப்பு. இரண்டாம் கட்ட ஆட்டங்களில் காணொளி உதவி நடுவர் கிடையாது. மூன்றாம் கட்டத்தில்தான் உண்டு. சிறிய அணிகளில் பெரும்பாலானவை இரண்டாம் கட்டத்தோடு வெளியேறிவிடுகின்றன. அதாவது, எவருக்குத் தவறான ஒரு தீர்ப்பு நான்கு ஆண்டுக் கனவையே கலைத்துவிடுமோ, அவர்களுக்குத்தான் அந்தப் பாதுகாப்பு மறுக்கப்படுகிறது. களத்தில் நடுவர் சொன்னதே இறுதி என்பது ஆட்ட விதி. ஆகவே இந்தியா கொடுத்த புகாரால் முடிவு மாறவில்லை. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றின் எல்லாக் கட்டங்களிலும் காணொளி உதவி வேண்டும் என்பதே நம் நிலை. அதற்காக இந்தியா ஆசியக் கூட்டமைப்பில் விடாமல் குரல் கொடுக்க வேண்டும்.

ஆனால் தோஹாவை மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்கிறோம். அடுத்த பதினெட்டு மாதங்களில் என்ன நடந்தது? 2027 ஆசியக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில் ஹாங்காங்கிடம் தோற்றோம். சொந்த மண்ணில், மட்காவில், சிங்கப்பூரிடம் தோற்றோம். 2025 நவம்பரில் டாக்காவில் வங்கதேசத்திடம் தோற்றோம். அந்த அணி நம்மை வென்று 22 ஆண்டுகள் ஆகியிருந்தன. இவற்றுக்கு எந்த நடுவரையும் காரணம் காட்ட முடியாது. 2023 ஜூலையில் உலகத் தரவரிசையில் 99ஆம் இடத்தில் இருந்த அணி, 2025 நவம்பரில் 142ஆம் இடத்துக்குச் சரிந்தது.

திறமை இல்லை என்று கைவிரிப்பவர்களை நாம் ஏற்கவில்லை. 2025 ஜூலையில் தாய்லாந்தை அதன் மண்ணிலேயே 2–1 என வீழ்த்தி, தகுதிச் சுற்றில் ஆடி வென்று ஆசியக் கோப்பைக்குள் நுழைந்தவர்கள் நம் பெண்கள். அந்த இரண்டு கோல்களையும் அடித்தவர் சங்கீதா பாஸ்ஃபோர். அதே ஆண்டு நவம்பர் இறுதியில் அகமதாபாத்தில் ஈரானை வென்று ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள் 17 வயதுக்கு உட்பட்ட பையன்கள். பதினேழு வயதில் ஈரானை வெல்லத் தெரிந்தவன் இருபத்து நான்கு வயதில் ஏன் திணறுகிறான் என்பதுதான் கேள்வி. இடைப்பட்ட ஆண்டுகளில் அவனுக்குப் போதுமான ஆட்டங்கள் கிடைப்பதில்லை என்பதே நமக்குத் தெரிந்த விடை.

இதற்குச் சான்று நம் கையிலேயே இருக்கிறது. 2017இல் இந்தியா நடத்திய 17 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையில் ஆடிய பையன்கள் மூன்று ஆட்டங்களிலும் தோற்றார்கள். ஆனால் அவர்களைக் கலைத்துவிடாமல், ‘இந்தியன் ஆரோஸ்’ என்ற பெயரில் ஐ-லீக்கில் வளர்ந்த ஆண்களோடு மோதவிட்டார்கள். தோற்றார்கள், அடிபட்டார்கள், வாராவாரம் ஆடினார்கள். உலகக் கோப்பை ஒன்றில் இந்தியாவுக்காக முதல் கோல் அடித்த ஜீக்சன் சிங், அன்வர் அலி, சுரேஷ் சிங் வாங்ஜம் என்று தேசிய அணிக்குப் பலர் அந்த வழியில்தான் வந்தார்கள். 2022இல் அந்த அணியையே மூடிவிட்டார்கள். ஓய்வு பெற்ற சுனில் சேத்ரியை 2025 மார்ச்சில், நாற்பது வயதில், திரும்ப அழைக்க வேண்டி வந்தது. ஷில்லாங்கில் மாலத்தீவுக்கு எதிராக அவர் கோலும் அடித்தார். அவரை வணங்குகிறோம். அவருடைய இடத்துக்கு ஒரு ஸ்ட்ரைக்கரை உருவாக்க முடியாத நிர்வாகத்தை மன்னிக்க முடியவில்லை. கிளப்புகள் வெளிநாட்டு ஸ்ட்ரைக்கர்களை நம்பியே ஆடும்போது இந்திய இளைஞன் கோல் அடிக்க எங்கே பழகுவான்?

நிர்வாகத்தின் கதையோ இதைவிடக் கசப்பானது. நடத்த வேண்டிய தேர்தலை நடத்தாமல் பதவியில் நீடித்த கால்பந்து சம்மேளனத் தலைமையை 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் நீக்கியது. வெளியார் தலையீடு என்று சொல்லி ஆகஸ்டில் ஃபிஃபா இந்தியாவை இடைநீக்கம் செய்தது. தடை பத்துப் பன்னிரண்டு நாட்களில் நீங்கிவிட்டது. ஆனால் ஆசிய கிளப் போட்டிக்காகத் தாஷ்கண்ட் வரை போய்விட்ட கோகுலம் கேரளா பெண்கள் அணி ஒரு ஆட்டம்கூட ஆடாமல் திரும்பியது. யாரோ நாற்காலியை விடாததற்குத் தண்டனை அந்தப் பெண்களுக்கு!

பாடம் கற்றார்களா? அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் சட்டதிட்டங்கள் பற்றிய வழக்கு 2017இலிருந்து நீண்டு, 2025 செப்டம்பரில்தான் உச்ச நீதிமன்றத்தில் முடிவுக்கு வந்தது. நாட்டின் உயர்மட்ட லீக்கான இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) தொடரை நடத்தும் நிறுவனத்துடனான பதினைந்து ஆண்டு ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடியும் என்பது கையெழுத்திட்ட நாளிலேயே தெரியும். வழக்கு முடியும்வரை புதிய ஒப்பந்தம் போட நீதிமன்றம் அனுமதிக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் வழக்கு அத்தனை காலம் நீண்டதிலும், மாற்று ஏற்பாடு இல்லாமல் நின்றதிலும் சம்மேளனத்துக்குப் பங்கு இல்லையா? பிறகு விட்ட டெண்டருக்கு ஒருவர்கூட வரவில்லை. செப்டம்பரில் தொடங்க வேண்டிய லீக் 2026 பிப்ரவரி 14 அன்றுதான் தொடங்கியது. முந்தைய பருவத்தின் லீக் கட்டத்தில் ஒரு கிளப்புக்கு 24 ஆட்டங்கள். 2026இல் தொடங்கிய பருவத்துக்கு வகுத்ததோ 13. சில கிளப்புகள் சம்பளத்தை நிறுத்தின. விளையாடவிடுங்கள் என்று வீரர்களே பொதுவெளியில் கெஞ்சும் நிலை வந்தது. சிங்கப்பூருக்கும் வங்கதேசத்துக்கும் எதிராக இறங்கியவர்கள் லீக்கே தொடங்காத நாட்டின் வீரர்கள் என்பதை மறந்துவிட்டு அவர்களைத் திட்டுவது நியாயமில்லை.

நடுவர்களும் இதே வறட்சியில்தான் வளர்கிறார்கள். தீர்ப்பு சொல்லும் கண் வகுப்பறையில் வராது. வேகமான ஆட்டத்தில், கூச்சலுக்கு நடுவே, நூறு முறை தவறி நூற்றியோராவது முறை சரியாகப் பார்த்துத்தான் வரும். 2002 உலகக் கோப்பையில் துணை நடுவராகக் கொடி பிடித்தவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த கோமளீஸ்வரன் சங்கர். அந்த மேடைக்குப் போகும் தரம் நம்மிடம் இருந்திருக்கிறது. இன்று நம் நடுவர்களில் பலர் வேறு வேலை பார்த்துக்கொண்டே விசிலும் ஊதுகிறார்கள். இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் 2001இலேயே முழுநேர நடுவர்கள் வந்துவிட்டார்கள். 2023 மார்ச்சில் பெங்களூரில் சேத்ரியின் ஃப்ரீ கிக் கோலை நடுவர் ஏற்றதை எதிர்த்து கேரளா பிளாஸ்டர்ஸ் அணி ஆட்டத்தின் நடுவிலேயே வெளியேறியது. அந்தக் கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம் விதித்தார்கள். ஒழுங்கு நடவடிக்கை சரியே. ஆனால் நடுவர்கள் மீது நம்பிக்கை ஏன் இவ்வளவு குறைந்தது என்று அதே வேகத்தில் ஆராய்ந்திருக்க வேண்டாமா? தோஹாவில் காணொளி உதவி இல்லை என்று கொதித்த நாம், நம் உயர்மட்ட லீக்கில் அது இல்லாததைப் பொறுத்துக்கொள்கிறோம்.

வெளிநாடுகளில் வாழும் இந்திய வம்சாவளி வீரர்களைக் கொண்டுவந்தால் போதும் என்கிறார்கள் சிலர். ஆஸ்திரேலியக் கடவுச்சீட்டைத் துறந்து இந்தியக் குடியுரிமை பெற்ற ரயன் வில்லியம்ஸைப் போன்றவர்களை மனதார வரவேற்கிறோம். இரண்டு மூன்று பேரால் அணி பலம் பெறும். ஆனால் அதுவே ஒரு நாட்டின் கால்பந்துத் திட்டம் ஆகிவிடாது. உஸ்பெகிஸ்தானைப் பாருங்கள். நம் தமிழ்நாட்டின் மக்கள்தொகையில் பாதிதான் அங்கே. 2012இல் 16 வயதுக்கு உட்பட்டோர், 2018இல் 23 வயதுக்கு உட்பட்டோர், 2023இல் 20 வயதுக்கு உட்பட்டோர் என்று ஆசியப் பட்டங்களை அடுக்கடுக்காக வென்றார்கள். 2025 ஜூனில் முதன்முறையாக உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். பையன்களை வளர்க்கத் தொடங்கியவர்கள் நடுவில் நிறுத்தவில்லை.

எனவே சம்மேளனத்திடம் நாம் கேட்பவை இவை. அடுத்த பருவத்தின் முழு அட்டவணை, முதல் ஆட்டத்துக்கு மூன்று மாதம் முன்பே வெளியாக வேண்டும். அதில் ஒரு கிளப்புக்கு 24 ஆட்டங்களுக்குக் குறையக் கூடாது. ஆரோஸ் போன்ற ஓர் இளைஞர் அணி மீண்டும் லீக்கில் இறங்க வேண்டும். ஒளிபரப்பில் வரும் பணத்தில் நடுவர்களின் ஊதியத்துக்கும் மாவட்ட லீக்குகளுக்கும் ஒரு பங்கைச் சட்டதிட்டத்திலேயே ஒதுக்க வேண்டும். ஒவ்வொரு மாநிலச் சங்கமும் தன் மாவட்டங்களில் ஒரு பையனுக்கும் ஒரு பெண்ணுக்கும் ஆண்டில் எத்தனை ஆட்டங்கள் கிடைத்தன என்ற கணக்கை வெளியிட வேண்டும். அந்தக் கணக்கைக் காட்டாத சங்கத்துக்கு சம்மேளனத் தேர்தலில் வாக்கு இருக்கக் கூடாது.