வாட்ஸ்அப்புக்கு முன்பே காற்றில் பறந்த மெசேஜ்!

சிக்னல் போய்விட்டால் நம் ஸ்மார்ட்போன் வெறும் டார்ச் லைட்தான், இல்லையா? ஆனால் டவர் இல்லாமல், கேபிள் இல்லாமல், மாதாமாதம் ரீசார்ஜும் இல்லாமல் கம்ப்யூட்டர்களைப் பேசவைத்தவர்கள் இருக்கிறார்கள். ஹாம் ரேடியோக்காரர்கள். தேர்வெழுதி, அரசிடம் உரிமம் வாங்கி, பொழுதுபோக்காக வயர்லெஸ் இயக்குபவர்கள்.

அவர்கள் கண்ட வழி பாக்கெட் ரேடியோ. மெசேஜைச் சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டி, ஒவ்வொன்றிலும் அனுப்புபவர், பெறுபவர் விலாசத்தை எழுதிக் காற்றில் விட்டுவிடுவார்கள். விலாசம் என்பது ஹாம்களுக்கு அரசு தரும் அழைப்புக்குறி. இப்படிப் பொட்டலம் கட்டும் விதிமுறைக்கு ஏஎக்ஸ்.25 என்று பெயர்.

முதலில் இதற்கென்றே தனிப் பெட்டி வேண்டியிருந்தது. 1980-களின் நடுவில் அமெரிக்காவின் ஃபில் கார்ன், டாஸில் ஓடும் ஒரு புரோகிராம் எழுதி, இன்டர்நெட்டின் டிசிபி/ஐபி முறையையே ரேடியோவில் ஓடவிட்டார். பெரிய சாதனை. ஆனால் மெயிலோ, ஃபைல் அனுப்புவதோ எல்லாமே அந்த ஒரு புரோகிராமுக்குள்தான் நடக்க வேண்டும். கம்ப்யூட்டரில் இருக்கும் மற்ற மென்பொருள்களுக்கு ரேடியோ இருப்பதே தெரியாது.

1990-களில் இதை மாற்றியது லினக்ஸ். ஆமாம், உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்கு அடியில் இருக்கும் அதே லினக்ஸ்தான். அதன் நெட்வொர்க் பகுதியைக் கவனித்துவந்த ஆலன் காக்ஸ், வேல்ஸ் நாட்டில் இருந்த ஒரு ஹாம். ஏஎக்ஸ்.25-ஐ அவர் லினக்ஸின் மையமான கெர்னலுக்குள்ளேயே வைத்துவிட்டார். பிறகு ஜோனதன் நெய்லர் அதை எடுத்து வளர்த்தார். வீட்டுக்கு இன்னொரு வாசல் வைத்த மாதிரி! கேபிள் ஒரு வாசல் என்றால், ரேடியோ இன்னொன்று. மெயில் மென்பொருளில் ஒரு வரிகூட மாற்றாமல், அதே மெயிலை ரேடியோ வழியாக அனுப்பலாம்.

வேகம்? பரவலாக இருந்தது விநாடிக்கு 1200 பிட். சிரிக்காதீர்கள், கணக்குப் போட்டுப் பார்த்தேன். 'வணக்கம்' என்ற சொல் இன்றைய யுனிகோடில் 21 பைட். விலாசத்தோடு சேர்த்தாலும் அது போக ஒரு விநாடிகூட ஆகாது. ஆனால் 200 கேபி போட்டோ ஒன்று போய்ச்சேர 22 நிமிடத்துக்கு மேல் ஆகும். வெள்ளத்தில் மாட்டியவர் 'நலம்' என்று வீட்டுக்குச் சொல்ல அந்த வேகம் தாராளம். இன்னொன்று, இது அஞ்சலட்டை மாதிரி. ஹாம் அலைவரிசையில் ரகசியக் குறியாக்கத்துக்குப் பொதுவாக அனுமதி இல்லை. யார் வேண்டுமானாலும் கேட்கலாம். பேங்க் பாஸ்வேர்டை அனுப்பும் இடம் இல்லை.

கெர்னலுக்குள் வைத்ததில் ஒரு சிக்கலும் உண்டு. ஒரு சாதாரண ஆப்பில் பிழை வந்தால் அந்த ஆப் மட்டும் நின்றுபோகும். கெர்னலில் வந்தால் மொத்த கம்ப்யூட்டருமே படுத்துவிடலாம். 2022-ல் இந்த ஏஎக்ஸ்.25 பகுதியில் அப்படிச் சில பாதுகாப்பு ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டுத் திருத்தப்பட்டன. என்னைக் கேட்டால், அன்றைக்கு உள்ளே வைத்தது சரியான முடிவு. இன்றைக்குப் புதிதாக எழுதினால் வெளியிலேயே வைக்கலாம். சவுண்ட் கார்டை வைத்தே பொட்டலம் கட்டும் மென்பொருள்கள் இப்போது இலவசமாகக் கிடைக்கின்றன.

ஓட்டையை யாரும் அடைத்துவிடலாம். அடைத்த பிறகும் பொட்டலம் ஒழுங்காகப் பறக்கிறதா என்று பார்க்க, உரிமமும் ரேடியோவும் பொறுமையும் உள்ள ஒருவர் வேண்டும். அந்த ஆள்தான் சுலபத்தில் கிடைப்பதில்லை.