சாரதி இல்லாத வண்டி

2025ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் நம் பெங்களூர் ஆர். வி. பொறியியற் கல்லூரியில், மனிதச் சாரதி இன்றித் தானே ஓடும் மோட்டார் வண்டி ஒன்றின் முன்மாதிரியைக் காட்சிக்குக் கொணர்ந்தனர். விப்ரோ நிறுவனமும், பழைய தலைமுறையினர் இன்றும் 'டாட்டா இன்ஸ்டிடியூட்' என்றே வழங்கும் இந்திய விஞ்ஞானக் கழகமும், அக்கல்லூரியும் ஒன்றுகூடிப் பல ஆண்டுகள் உழைத்ததன் பயன் அது. செய்தி பரவிய நாள் முதல் நம் அன்பர் பலர் இல்லங்களில் ஒரு வழக்கு எழுந்திருக்கிறது. "அத்தகைய வண்டி செய்யும் மாணவர் குழுவில் நானும் சேர்கிறேன்" என்கிறான் பையன். "பட்டறையிலேயே இரவு பகலாகக் கிடந்தால் படிப்பு என்னாவது? பந்தயத்தில் வென்றால்தான் என்ன கிடைக்கும்?" என்கிறார் தந்தை. பெண் கேட்டாலோ, வழக்கு இரட்டிப்பாகிறது. இத்திங்கள் இப்பகுதியை அதற்கே ஒதுக்குகிறேன்.

இவ்வகைப் பந்தயங்களுள் புகழ் மிக்கது அமெரிக்காவில் நடந்தது. 2004ஆம் ஆண்டு மார்ச்சு 13ஆம் நாள், மொஹாவிப் பாலைவனத்தில் ஏறத்தாழ 140 மைல் பாதையை ஆளில்லா வண்டிகள் தாமே கடக்க வேண்டும் என்று அந்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சிப் பிரிவு அறிவித்தது. பரிசு 10 லட்சம் டாலர். பதினைந்து வண்டிகள் புறப்பட்டன. ஒன்றும் கரை சேரவில்லை. எல்லாவற்றினும் மிகுதியாக ஓடிய கார்னகி மெலன் பல்கலைக்கழக வண்டியும் எட்டு மைலைத் தொடவில்லை. ஊரார் நகைத்தனர். மறு ஆண்டே, 2005 அக்டோபர் 8ஆம் நாள், பரிசை இரட்டிப்பாக்கி மீண்டும் நடத்தினர். அவ்வமயம் களம் புகுந்த 23 வண்டிகளுள் ஐந்து பாதை முழுவதையும் முடித்தன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் 'ஸ்டான்லி' 132 மைலை ஏழு மணி நேரத்திற்குள் கடந்து பரிசைப் பெற்றது. தோல்வி பதினெட்டே மாதங்களில் எவ்வளவு கற்பித்துவிட்டது!

எனினும், நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு வென்றவர் கதையைவிடத் தோற்றவர் கதையே பயன் மிக்கது என்பது என் எண்ணம். அவ்வாண்டுப் பந்தயத்தில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்து இளங்கலை மாணவரும் கலந்துகொண்டனர். பெருங் குழுக்களைப் போல் விலையுயர்ந்த லேசர்க் கருவிகள் பலவற்றை அவர்கள் நாடவில்லை. மனிதனுக்கு இரு கண் இருப்பது போல் இரட்டைக் காமிரா ஒன்றை வைத்தே வழியில் நின்ற தடைகளைக் கண்டனர். வண்டி நன்றாகவே ஓடியது. ஆயின் நெடுநேரம் ஓடினால் அதன் கணிப்பொறி தளர்ந்துபோவதைச் சோதனையிலேயே கண்டிருந்தனர். காரணம் மட்டும் புலப்படவில்லை. நாளும் நெருங்கிவிட்டது. பந்தயத்தன்று ஏறத்தாழ பத்து மைல் சென்றதும் வண்டி நின்றது.

காரணம் பின்னரே தெரிந்தது. வழியில் காணும் ஒவ்வொரு புதரையும் பாறையையும் கணிப்பொறி நினைவில் வைக்கும். கடந்து சென்றபின் மறந்துவிட வேண்டும். பட்டியலிலிருந்து அவற்றை நீக்கத்தான் செய்தது. ஆனால் நிரலின் வேறொரு மூலையில் அவற்றைப் பிடித்துவைத்திருந்த இணைப்பு ஒன்றை அறுக்க மறந்துவிட்டனர். கலியாணப் பந்தியில் உண்டவர் எழுந்து போய்விட்டார், எழுதிவைத்த பெயரையும் அடித்தாயிற்று. இலையை மட்டும் எவரும் எடுக்கவில்லை என்றால் அடுத்த பந்திக்கு இடம் ஏது? அவ்வாறே நினைவகம் நிரம்பிற்று. பிழையைத் திருத்த ஒரு வரியே போதுமானதாயிருந்தது. அரை மணி ஓடிப் பார்த்து மகிழ்ந்தவர்கள், அரை நாள் ஓடும் பந்தயத்திற்குப் போய் நின்றனர். முழுத் தொலைவும் ஓட்டிப் பாராத வண்டியை முழுத் தொலைவுக்கு நம்பலாகாது என்பதை எந்தப் பாடநூலும் இவ்வளவு அழுத்தமாக உரைத்திருக்க முடியாது.

மற்றொன்றும் சொல்லத் தகும். அதே பந்தயத்தில் கார்னகி மெலனாரின் 'ஹைலாண்டர்' முன்னணியில் ஓடிக்கொண்டிருக்கும்போதே மேட்டில் ஏற வலுவற்றுத் தளர்ந்தது. மூன்றாம் இடமே கிட்டியது. கழற்றிப் பார்த்தும் குற்றம் அகப்படவில்லை. 2017ஆம் ஆண்டில்தான், எஞ்சினுக்கும் அதை ஆளும் கருவிக்கும் இடையே இருந்த சிறு மின் வடிகட்டி ஒன்றே காரணம் எனக் கண்டனர். பரிசோ 20 லட்சம் டாலர். விடை கிடைக்கப் பன்னிரண்டு ஆண்டு!

நம் நாட்டு மாணவர் செல்லும் களம் இதனினும் சிறியது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து ஓக்லண்டு பல்கலைக்கழகத்தில் மாணவர்க்கென்றே நடக்கும் தானியங்கித் தரைவண்டிப் போட்டி 1993இல் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி. மாணவரின் 'அபியான்' குழு இதில் பங்கு பெற்றிருக்கிறது. வெண்கோடுகளுக்கு நடுவே, பீப்பாய்களை விலக்கி, 20 பவுண்டுச் சுமையுடன் வண்டி செல்ல வேண்டும். வேகம் மணிக்கு ஐந்து மைலைத் தாண்டலாகாது. நடப்பவனைவிடச் சற்றே விரைவு, அவ்வளவுதான். ஆனால் வண்டியின் பின்புறம் கைக்கு எட்டும் உயரத்தில் சிவப்புப் பொத்தான் ஒன்று இருந்தே தீர வேண்டும்; தொலைவில் நின்று நிறுத்தும் கருவியும் வேண்டும். இவை இல்லாத வண்டி எவ்வளவு அறிவுடையதாயினும் களத்தில் இறங்க இயலாது. ஓட்டக் கற்குமுன் நிறுத்தக் கற்பிக்கும் இவ்விதியை நான் பெரிதும் மதிக்கிறேன்.

இத்தகைய குழுக்களை அரிப்பது வேறொரு கறையான். நான்காண்டில் மூத்தவர் பட்டம் பெற்றுப் போய்விடுவர். எந்தக் கம்பி எதனுடன் இணைந்தது, எந்த எண்ணை ஏன் மாற்றினோம் என்பதெல்லாம் அவர்களுடன் போய்விடும். இளையவர் அதே பிழையை முதலிலிருந்து செய்வர். உம் பிள்ளை சேர விரும்பும் குழுவில் நாட்குறிப்பு எழுதும் வழக்கம் உண்டா என்று கேளுங்கள். பரிசுக் கோப்பைகளின் எண்ணிக்கையினும் அது முக்கியம். மதிப்பெண் குறையாது என்று நான் உறுதி கூற மாட்டேன், குறையத்தான் கூடும். தேர்வுக்கு முந்திய வாரங்களில் பட்டறைப் பக்கம் போவதில்லை என்று பிள்ளையிடம் முன்னரே வாக்கு வாங்கிக்கொள்வது தந்தையின் உரிமை.

இனி, கூறத் தயங்கும் செய்தி ஒன்று. ஆட்டோவும் லாரியும் ஓட்டிப் பிள்ளைகளைப் பொறியியல் படிக்க வைத்தவர் நம் குடும்பங்களில் பலர். அவர் மகனே சாரதி வேண்டாத வண்டியைச் செய்யக் கிளம்பினால் அவ்வீட்டில் என்ன பேச்சு நிகழும்? இந்த அச்சம் வீண் அச்சமன்று. அமெரிக்க நகரங்கள் சிலவற்றில் ஆளில்லா வாடகைக் கார்கள் ஓடுகின்றன. பல லட்சம் சாரதிகளின் பிழைப்புப் போய்விடும் என்பதால் அவற்றை இந்தியாவில் அனுமதியேன் என்று மத்தியப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி 2023இல் வெளிப்படையாகவே கூறினார். ஆராய்ச்சி அதனால் நின்றுவிடவில்லை.

நம் சாலையோ பாலைவனத்தினும் கடினமானது. ஜெர்மானிய நகரச் சாலைகளைப் படம்பிடித்துத் தொகுத்த புகழ்பெற்ற படத்தொகுதியில் ஆட்டோ ரிக்ஷா என்ற இனமே இல்லை. அதைப் பயின்ற இயந்திரம் நம் ஆட்டோவை என்னவென்று அறியும்? அக்குறையை நீக்கவே ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி. ஆராய்ச்சியாளர் ஹைதராபாத், பெங்களூர் சாலைகளில் எடுத்த பத்தாயிரம் படங்களில் ஆட்டோவுக்கும் விலங்குக்கும் தனித்தனிப் பெயரிட்டு 2018இல் வெளியிட்டனர். ஆயினும் சாலையோரம் நிற்கும் மாடு எப்போது குறுக்கே வரும், எந்தப் பேருந்து சமிக்ஞையின்றி ஒதுங்கும், மழை நாளில் எந்தக் குட்டைக்குள் பள்ளம் இருக்கும் என்பவற்றைப் படங்கள் முழுவதும் சொல்லிவிடா. முப்பது ஆண்டு இந்நகரில் வண்டி ஓட்டியவர்க்கு இவை தெரியும். பையன் ஒரு ஞாயிறன்று குறிப்பேட்டுடன் தந்தையின் ஆட்டோவில் ஏறி, சிவாஜி நகரிலிருந்து கே. ஆர். மார்க்கெட் வரை சென்று, அவர் எங்கெங்கே பிரேக்கில் காலை வைக்கிறார், ஏன் வைக்கிறார் என்று கேட்டு எழுதிக்கொள்ளட்டும்.