தாய்ப்பால் குழுவில் மருத்துவரின் இருக்கை

பிறந்து ஐந்தாம் நாளான ஒரு குழந்தையைச் சென்ற ஆண்டு ஒரு காலை வேளையில் எங்கள் அவசரப் பிரிவுக்குத் தூக்கி வந்தார்கள். பிறந்தபோது 3 கிலோ இருந்த குழந்தை அன்று இரண்டரைக் கிலோதான் இருந்தது. உதடுகள் உலர்ந்திருந்தன. முந்தைய இரவிலிருந்து சிறுநீர் கழிக்கவில்லை. இரத்தத்தில் உப்பின் அளவு அபாயகரமாகக் கூடியிருந்தது. “இரண்டு நாளா அழவே இல்லை டாக்டர், சமத்தாத் தூங்குறான்னு நெனச்சோம்” என்றார் உடன் வந்த பாட்டி. அவர் மீது குறை சொல்ல எங்களுக்கு வாய் எழவில்லை. மூன்றாம் நாள் அந்தத் தாயை வீட்டுக்கு அனுப்பி வைத்தவர்கள் நாங்களே. அவருக்குக் கொடுத்த வெளியேற்றச் சீட்டில் ‘தாய்ப்பால் மட்டும் கொடுக்கவும்’ என்று ஒரு வரி எழுதியிருந்தோம்.

குழந்தை பிழைத்துக்கொண்டது. உப்பின் அளவை மெல்ல மெல்லக் குறைத்து, ஒரு வாரத்தில் தாயோடு வீடு திரும்பியது. ஆயினும் அந்த ஒரு வரி எங்களை விடவில்லை. எதைக் கொடுக்க வேண்டும் என்று சொன்ன நாங்கள், குழந்தை அதைக் குடிக்கிறதா என்று பார்க்க எவரையும் ஏற்பாடு செய்யவில்லை.

இதில் ஒரு கால முரண்பாடு உள்ளது. பிரசவித்த முதல் இரண்டு நாட்களில் சுரக்கும் சீம்பால் அளவில் குறைவு. பால் பெருகத் தொடங்குவது பெரும்பாலும் மூன்றாம், நான்காம் நாட்களில்தான். மார்பு கட்டிக்கொள்வதும், காம்பு வெடிப்பதும், குழந்தை சரியாகக் கவ்வாமல் திணறுவதும் அப்போதுதான் வெளிப்படும். சுகப்பிரசவமான தாய் அதே நாட்களில்தான் வீட்டுக்குப் புறப்படுகிறார். சிக்கல் குறைவாக இருக்கும்போது செவிலியர்களும் மருத்துவர்களும் சூழ்ந்து நிற்கிறார்கள். சிக்கல் தொடங்கும்போது அருகில் எவரும் இருப்பதில்லை.

2019–21 ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வும் இதையே காட்டுகிறது. தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. நூற்றில் 45 அளவுக்கு அறுவைச் சிகிச்சை வழியாக. ஆனால் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே பெறுவோர் பாதிக்குச் சற்று மேல்தான். இவ்வளவு கட்டடங்களும் கருவிகளும் இருந்தும் இந்த ஒன்றில் நாம் பின்தங்கியிருப்பதற்குக் காரணம், இது கட்டடத்துக்குள் நடக்கும் காரியமாக இல்லாமல் போனதே என்பது எங்கள் கருத்து.

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப் அமைப்பும் 1989இல் மகப்பேறு மருத்துவமனைகளுக்குப் பத்து படிநிலைகளை வகுத்தன. அவற்றுள் பத்தாவது, தாய்மார் ஆதரவுக் குழுக்கள் உருவாகத் துணை நின்று, வீடு திரும்பும் தாய்மாரை அவற்றிடம் சேர்ப்பிப்பது. முதல் ஒன்பதைச் சுவரில் மாட்டி வைப்பது எளிது. பத்தாவது மருத்துவமனையின் வாசலைத் தாண்டிச் செல்வதால், அதை எங்களைப் போன்றோர் வசதியாக மறந்துவிட்டோம்.

தாய்க்குத் தாயே துணை என்னும் முறைக்குப் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு, டாக்காவில் நடந்த ஓர் ஆய்வைச் சொல்வோம். அதன் முடிவுகள் 2000ஆம் ஆண்டில் லான்செட் இதழில் வெளியாயின. பயிற்சி பெற்ற உள்ளூர்த் தாய்மார்கள் கர்ப்பத்தின் இறுதி மாதங்களிலிருந்தே வீடு தேடிச் சென்று துணை நின்றார்கள். ஐந்தாம் மாதத்தில், அவர்கள் சென்ற வீடுகளில் நூற்றுக்கு 70 தாய்மார்கள் தாய்ப்பால் மட்டுமே கொடுத்துக்கொண்டிருந்தார்கள். செல்லாத இடங்களில் நூற்றுக்கு 6 பேர். சென்றவர்கள் மருத்துவர்கள் அல்லர் என்பதை நாங்கள் அடிக்கடி எங்களுக்கே நினைவூட்டிக்கொள்கிறோம்.

ஏனெனில் எங்கள் முதல் முயற்சி படுதோல்வி. ஒரு கூடத்தில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, திரையில் படங்கள் காட்டி, முக்கால் மணி நேரம் பேசினோம். ‘ஐயம் ஏதேனும் உண்டா?’ என்று கேட்டோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லாம் விளங்கிவிட்டது என்று மகிழ்ந்து தேநீர் குடிக்கச் சென்றோம். திரும்பி வந்தபோது கூடம் இரைச்சலாக இருந்தது. மூன்றாவது குழந்தையைப் பெற்றிருந்த ஒரு தாய், துண்டைச் சுருட்டிக் குழந்தை போல் வைத்துக்கொண்டு, காம்பை மட்டும் கவ்வினால் ஏன் வலிக்கும், சுற்றியுள்ள கருவளையமும் வாய்க்குள் போகும்படி எப்படி அணைப்பது என்று காட்டிக்கொண்டிருந்தார். அறுவைச் சிகிச்சை நடந்த வயிற்றில் குழந்தையின் கால் படாமல், அக்குளுக்கு அடியில் வைத்துப் பால் கொடுப்பதை இன்னொருவர் விளக்கினார். எங்கள் படங்களிலும் இவை இருந்தன. ஆனால் ‘எனக்கும் மொத வாரம் கண்ணுல தண்ணி வந்துச்சு’ என்ற ஒரு வாக்கியம் எங்கள் படத்தில் இல்லை.

அன்றிலிருந்து வட்டமாக அமர்கிறோம். பேசுபவர்கள் தாய்மார்கள். எங்கள் இருக்கை எடை பார்க்கும் கருவிக்கு அருகில், ஓரமாக. அந்த இடம் சிறிதன்று. ஐந்தாம் நாளுக்குப் பின் ஒரு நாளில் ஆறு முறைக்கும் குறைவாகச் சிறுநீர் கழிக்கும் குழந்தை, பாலுக்கு எழுப்பியும் எழாத குழந்தை, உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள் பரவிய குழந்தை, இரண்டு வாரமாகியும் பிறந்தபோதிருந்த எடையை எட்டாத குழந்தை, மார்பு சிவந்து காய்ச்சலோடு வரும் தாய் ஆகியோர் குழுவின் பேச்சுக்குக் காத்திருக்கக் கூடாது. அவர்களை அன்றே பார்க்க வேண்டியது எங்கள் பொறுப்பு. அழாமல் தூங்கிக்கொண்டே இருப்பது எப்போதும் சமத்துக்கு அடையாளமாகாது என்பதைக் குழுவில் உள்ள ஒவ்வொருவரும் இப்போது அறிவர்.

பாட்டிமார்களை வெளியே அமர வைத்துவிட்டு இளம் தாய்க்கு மட்டும் பாடம் நடத்துவது எங்களது இன்னொரு பிழை. வீட்டில் முடிவெடுப்பவர் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். பிறந்த குழந்தைக்குச் சேனை வைப்பது, தாகத்துக்கென்று சர்க்கரைத் தண்ணீர் புகட்டுவது, உரைமருந்து ஊற்றுவது, சில ஊர்களில் கழுதைப்பால் கொடுப்பது, பத்தியம் என்ற பெயரில் தாய்க்குத் தண்ணீரையே அளந்து கொடுப்பது ஆகிய பழக்கங்களை இருபது வயதுப் பெண் ஒருத்தி தனியாக எதிர்த்து நிற்க முடியாது. அப்படி எதிர்க்கச் சொல்வதும் எங்களுக்கு நியாயமாகப் படவில்லை. பாட்டி வட்டத்துக்குள் அமரும்போது, வேறொரு பாட்டி ‘எம் பேத்திக்கு ஒண்ணுமே ஊத்தல, நல்லாத்தான் இருக்கா’ என்கிறார். அதற்கு மேல் நாங்கள் பேச வேண்டியதில்லை. பாட்டிமார் சொல்வன எல்லாம் தவறுமல்ல. பூண்டும் பால்சுறாப் புட்டும் முருங்கைக் கீரையும் தாயின் உடலுக்கு நல்ல உணவு, தாராளமாகச் சமைக்கட்டும். பாலைப் பெருக்குவது, இரவு பகலாக 8 முதல் 12 முறை குழந்தை சப்பிக் குடிப்பதே என்பதை மட்டும் சேர்த்துக்கொண்டால் போதும்.

வேறு நாடுகளில் எழுதப்பட்ட கையேடுகள் எதிர்பாராத ஒரு சிக்கலும் நமக்கு உண்டு. நம் பெண்கள் முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு செல்கிறார்கள். கணவர் ஊரின் அங்கன்வாடியில் பதிவாகி, அங்குள்ள பெண்களோடு சமுதாய வளைகாப்பில் அமர்ந்து வளையலும் கலவைச் சாதமும் பெற்றவர், துணை தேவைப்படும் வேளையில் வேறு ஊரில் இருக்கிறார். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ திரும்பி வரும்போது பழைய குழுவில் அவரை அறிந்தவர் எவருமில்லை. பால்மாவு டப்பா வீட்டுக்குள் நுழைவது பலமுறை இந்த இடமாற்றத்தின்போதுதான். எனவே கர்ப்பிணியாக வரும்போதே, ‘பிரசவத்துக்கு எந்த ஊர் போகிறீர்கள்?’ என்று கேட்டு, அவ்வூரின் கிராம சுகாதாரச் செவிலியருக்கும் அங்கன்வாடிப் பணியாளருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுவது, ஆயிரம் துண்டுப் பிரசுரங்களைவிடப் பயன் தரும் என்று நம்புகிறோம். இதை நாங்கள் இன்னும் முழுமையாகச் செய்து முடிக்கவில்லை.

குழுக்களுக்கு ஓர் ஆபத்தும் உள்ளது. பால் கொடுக்க இயன்றவர்கள் கூடும் இடம், இயலாதவர்களைக் கூசச் செய்யும் இடமாக மாறிவிடலாம். குறைமாதக் குழந்தைக்காகப் பாலைப் பீய்ச்சிப் பீய்ச்சிக் களைத்தவர், மருத்துவக் காரணத்தால் சிறிது காலம் பால்மாவு சேர்க்க வேண்டியவர், பிரசவத்துக்குப் பின் காரணமின்றி அழுதுகொண்டிருப்பவர் ஆகியோரும் அதே வட்டத்தில் அமர வேண்டியவர்களே. ‘கொஞ்சம் முயற்சி பண்ணிருந்தா வந்திருக்கும்’ என்று ஒருவர் சொன்ன நாளில், அடுத்த கூட்டத்துக்கு ஒரு தாய் வரவில்லை. அவரைத் தேடிச் சென்று அழைத்து வர எங்கள் செவிலியருக்கு மூன்று நடை ஆயிற்று. அதன்பின், எவரையும் எப்படிக் கொடுக்கிறீர்கள் என்று நாமாகக் கேட்பதில்லை என்பதைக் குழுவின் விதியாக்கிக்கொண்டோம்.

குழு செய்ய முடியாததும் உண்டு. 2017ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தால் மகப்பேறு விடுப்பு 26 வாரங்களானது. ஆனால் வயலிலும் கட்டட வேலையிலும் இருப்பவருக்கு அவ்விடுப்பு எட்டுவதில்லை. மூன்றாம் மாதமே கூலிக்குச் செல்லும் பெண்ணிடம் ஆறு மாதம் என்று நாங்கள் எவ்வளவு சொல்லியும் என்ன பயன்? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியைத் தவறாமல் பெறவும், பாலைப் பீய்ச்சி வைத்துப் பாலாடையில் புகட்டவும் குழுவினர் சொல்லித் தருகிறார்கள். எஞ்சியது அரசுக்கும் வேலை தருவோருக்கும் உரிய கடமை.

கூட்டத்துக்குச் சிற்றுண்டியும் துண்டுகளும் இலவசமாகத் தருவதாகக் குழந்தை உணவு விற்கும் ஒருவர் முன்வந்தார். மறுத்துவிட்டோம். இத்தகைய ஊக்குவிப்புகளைத் தடை செய்யும் சட்டம் 1992 முதல் நம் நாட்டில் உள்ளது. சட்டம் இல்லாதிருந்தாலும் மறுத்திருப்போம்.

மாதத்தின் முதல், மூன்றாம் சனிக்கிழமைகளில் பிற்பகல் 3 மணிக்குப் புறநோயாளிகள் பிரிவின் கூடத்தில் கூடுகிறோம். ஏழாம் மாதத்திலிருந்தே கர்ப்பிணிகள் வரலாம். சீட்டுப் பதிவும் கட்டணமும் இல்லை. இங்கே பிரசவம் ஆகாதவர்களும் வரலாம். ஒரு குழந்தைக்கேனும் ஓராண்டு பால் கொடுத்த அனுபவமுள்ளவர்கள், தங்களுக்கு இனி என்ன வேலை என்று எண்ணாமல் வந்து அமர வேண்டுகிறோம். எங்களுக்கு அதிகம் தேவைப்படுபவர்கள் அவர்களே. படியேற இயலாத பாட்டிமார்களை முன்னிட்டுக் கூட்டம் தரைத்தளத்திலேயே நடைபெறுகிறது.