வெர்ச்சுவல் மெமரியை ஏத்தினா பொட்டி பறக்குமா?

"ரேம் கம்மியா? வெர்ச்சுவல் மெமரியை ஏத்துங்க, பொட்டி பறக்கும்!" எக்ஸ்பி காலத்துல கேட்ட இந்த வசனத்தை இன்னிக்கும் யாராவது சொல்லிக்கிட்டேதான் இருக்காங்க. பொட்டி தட்டி பொழப்பு நடத்துறவன்ங்கிற முறையில என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். ஏத்தலாம், சில சமயம் ஏத்தியே ஆகணும். ஆனா அது வேகத்துக்கான மருந்து இல்லை.

புதுசா வர்றவங்களுக்கு கொஞ்சம் அடிப்படை. ரேம்ங்கிறது சமையல் மேடை மாதிரி. ஹார்ட் டிஸ்க், பரண். மேடையில இடம் பத்தலைன்னா இப்போதைக்குத் தேவைப்படாத பாத்திரத்தைப் பரண்ல போட்டுட்டு, வேணும்போது இறக்கிக்கிறோம் இல்லையா? விண்டோஸ் அதையேதான் செய்யுது. டிஸ்க்ல அதுக்குன்னு ஒதுக்கின இடத்துக்குப் பேரு பேஜ் ஃபைல்.

இது புது சங்கதியும் இல்லை. 1962-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துல டாம் கில்பர்ன் குழு உருவாக்கின அட்லஸ் கணினியிலேயே வந்தாச்சு. சின்ன மெயின் மெமரியையும், சுத்துற காந்த உருளையையும் சேர்த்து, புரோகிராம் எழுதுறவருக்கு ஒரே பெரிய மெமரியா காட்டினாங்க. கவனிங்க, நோக்கம் இடம்தான், வேகம் இல்லை.

வேகக் கணக்கைப் பாருங்க. ரேம்ல ஒரு விஷயத்தை எடுக்க சுமார் 100 நானோ செகண்ட். சுத்துற ஹார்ட் டிஸ்க்ல சுமார் 10 மில்லி செகண்ட். அதாவது லட்சம் மடங்கு. ரேம்ல ஆகுற நேரத்தை ஒரு செகண்ட்னு வச்சுக்கிட்டா, டிஸ்க்ல ஒரு நாளைக்கும் மேல! எஸ்எஸ்டி-யா இருந்தா கால் மணி நேரம் சொச்சம். பரண்ல இடத்தைக் கூட்டினா ஏணி ஏறி இறங்குற நேரம் குறையுமா என்ன?

அப்போ எப்ப ஏத்தணும்? "மெமரி பத்தலை"ன்னு விண்டோஸ் எச்சரிக்கும்போது, புரோகிராம்கள் தானா மூடிக்கும்போது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ், மெமரி போங்க. 'கமிட்டெட்'னு ரெண்டு எண் இருக்கும். உதாரணத்துக்கு 5.7 / 6.0 ஜிபி. ரெண்டாவது எண் கிட்டத்தட்ட ரேமும் பேஜ் ஃபைலும் சேர்ந்த மொத்தம். முதல் எண் அதைத் தொடப் போகுதுன்னா ஏத்துங்க. பாதியிலேயே நிக்குதுன்னா, ஏத்தி ஒரு பிரயோஜனமும் இல்லை.

ஏத்துற வழி:

1. ஸ்டார்ட் மெனுவுல 'அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்'னு தேடித் திறங்க.
2. பெர்ஃபார்மன்ஸ் பகுதியில செட்டிங்ஸ், அப்புறம் அட்வான்ஸ்டு, வெர்ச்சுவல் மெமரியில சேஞ்ச்.
3. மேல இருக்கிற 'ஆட்டோமேட்டிக்' டிக்கை எடுங்க. டிரைவைத் தேர்ந்தெடுத்து 'கஸ்டம் சைஸ்' அமுக்குங்க.
4. 4 ஜிபி ரேம் பொட்டின்னா, இனிஷியல் 4096, மேக்சிமம் 8192 எம்பி போடலாம். டிரைவுல அந்த அளவு காலி இடம் இருக்கணும்.
5. 'செட்' அமுக்கிட்டுதான் ஓகே. ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிடுங்க.

ஒரே ஹார்ட் டிஸ்க்கோட டி பார்ட்டிஷனுக்கு மாத்தினா வேகம் கூடும்னு நம்பாதீங்க. ரெண்டுக்கும் ஓடுறது அதே முள்ளுதான்.

இதுக்கு ஏன் இவ்ளோ கோபம்னா, எங்க அத்தை பொண்ணு கடைசி வருஷம் படிக்கிறா. ஆமை வேகத்துல ஓடின லேப்டாப்பை ஒரு கடையில கொடுத்தா. 800 ரூபா வாங்கிட்டு "ரேம் ஏத்தியாச்சு"ன்னு அனுப்பிட்டாங்க. நான் திறந்து பார்த்தா ரேம் அதே 4 ஜிபி, பேஜ் ஃபைல் மட்டும் 16 ஜிபி! பொட்டி பழையபடி திணற, "ரேம் ஏத்தியும் சரியாகலை, இது செத்துப்போச்சு"ன்னு அத்தை புது லேப்டாப்புக்கு இஎம்ஐ விசாரிக்கக் கிளம்பிட்டாங்க.

பொய் டிப்ஸோட உண்மையான விலை அந்த 800 இல்லை, இந்த முடிவுதான். பேஜ் ஃபைலை மறுபடி ஆட்டோமேட்டிக்ல விட்டுட்டு, ஹார்ட் டிஸ்க்கை எடுத்துட்டு எஸ்எஸ்டி போட்டோம். புது லேப்டாப் விலையில சின்னப் பங்குதான் ஆச்சு. புராஜெக்ட் அதுலதான் ஓடுது.

என் வரிசை இதுதான்: ஸ்டார்ட்டப்ல தேவையில்லாம ஓடுறதை நிறுத்துங்க. காலி ஸ்லாட் இருந்தா நிஜ ரேம் போடுங்க. ஹார்ட் டிஸ்க்கா இருந்தா எஸ்எஸ்டி-க்கு மாறுங்க. வெர்ச்சுவல் மெமரி, பொட்டி விழாம தாங்கிப் பிடிக்கிற முட்டுக்கொம்பு மட்டும்தான். அடுத்த தடவை யாராவது "ரேம் ஏத்தியாச்சு"ன்னு காசு கேட்டா, டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்துட்டு அப்புறம் பர்ஸைத் திறங்க.