முதுகுவலியும் சமூகநீதியும்

கோவளம் கடற்கரை 2021-இல் நீலக்கொடிச் சான்று பெற்றது. கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக விடுதிகள் எழும்பிக்கொண்டே இருக்கின்றன. அவற்றுக்குக் கல்லும் சிமென்ட் மூட்டையும் சுமக்கிறவர்களில் நம் காலனி ஆட்கள் பலர். முதுகு வலிக்கிறதா என்று அவர்களிடம் கேட்டால், "உழைக்கிற உடம்பு, வலிக்கத்தான் செய்யும்" என்பார்கள். மருந்துக்கடையில் இரண்டு மாத்திரை. மறுநாள் மறுபடியும் மூட்டை.

பெரும்பாலான முதுகுவலி வேலையால் வருவதுதான். ஆனால் இரவில் படுத்தால் வலி கூடுகிறதா? கால் மரத்துப்போகிறதா? நடை தள்ளாடுகிறதா? சிறுநீர் கட்டுப்பாடு தவறுகிறதா? அப்படியானால் அது வெறும் உழைப்பு வலி இல்லை. முதுகெலும்பில் காசநோயாக இருக்கலாம். தண்டுவடத்தை அழுத்தும் கட்டியாகவும் இருக்கலாம்.

கட்டி என்றதும் புற்றுநோய் என்று பதற வேண்டாம். தண்டுவட உறைக்குள், நரம்பை ஒட்டி வளரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்று அல்ல; மெதுவாக வளர்பவை. காலத்தில் எடுத்துவிட்டால் பிழைப்புக்குத் திரும்பலாம். கால் செயலிழக்கும்வரை காத்திருந்தால், கட்டியை எடுத்த பிறகும் போன பலம் முழுதாகத் திரும்பாமல் போகலாம்.

முன்பு இதற்கு முதுகை நீளமாகக் கீறி, தசையை எலும்பிலிருந்து பிரித்துத்தான் உள்ளே போக வேண்டும். இப்போது பொருத்தமான கட்டிகளுக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீறல் போதும். தசையை வெட்டாமல் விலக்கி, சிறு குழாயைச் செலுத்தி, நுண்ணோக்கியின் துணையோடு கட்டியை எடுக்கிறார்கள். ரத்த இழப்பு குறைவு. மருத்துவமனையில் கிடக்கும் நாளும் குறைவு. எல்லாக் கட்டிக்கும் இது ஒத்துவராது. அதை மருத்துவர்தான் முடிவு செய்வார்.

சம்பளத்தோடு விடுப்பு உள்ளவருக்கு இது ஒரு வசதி. தினக்கூலிக்கோ, படுத்துக் கிடக்கும் ஒவ்வொரு நாளும் அடுப்பு எரியாத நாள். அப்படியிருக்க, இந்தச் சிகிச்சை யாருக்கு முதலில் கிடைக்க வேண்டும்?

சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1950-இலேயே மருத்துவர் பி.ராமமூர்த்தி நரம்பியல் அறுவை சிகிச்சையைத் தொடங்கினார். கிண்டியில் 2023-இல் 1,000 படுக்கைகளோடு கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனை திறக்கப்பட்டது. முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆக, சிகிச்சை இருக்கிறது. காலனியிலிருந்து அங்கே போகும் வழிதான் அடைபட்டுக் கிடக்கிறது. வருமானச் சான்றுக்கு ஒரு நாள் கூலி, காப்பீட்டு அட்டைக்கு ஒரு நாள், எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு ஒரு நாள் என்று இழக்க எந்தக் கூலியாளுக்கு முடியும்?

இரண்டு காரியம் உடனே செய்யலாம். காப்பீட்டு அட்டை முகாம்களைக் காலனிக்குள்ளேயே, ஞாயிற்றுக்கிழமைகளில் நடத்தலாம். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளர்கள் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீடு வருகிறார்கள். மேலே சொன்ன நான்கு கேள்விகளையும் அவர்கள் கேட்கட்டும். 'ஆம்' என்பவரை நேரே ஸ்கேனுக்கு அனுப்பட்டும். படிக்கிற பிள்ளைகளே, இன்றைக்கே உங்கள் வீட்டில் இந்த நான்கையும் கேளுங்கள்.

இதே செங்கல்பட்டு மண்ணின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், பொதுத் தெருவும் கிணறும் கட்டடமும் எல்லாருக்கும் பொது என்று 1924-இல் சென்னை சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். அரசு மருத்துவமனையின் ஸ்கேன் அறையும் பொதுக் கட்டடம்தான். அதன் வாசல்வரை நம் ஆட்கள் நடந்து போக வேண்டும், கால் நடக்கும்போதே.