சிரிக்க வேண்டியது வாக்காளரைப் பார்த்தல்ல

தேர்தல் தேதி அறிவித்த மறுநாளே நம் கைபேசிக்குள் ஒரு கற்பனைக் குடியரசு உதயமாகிவிடுகிறது. அந்த நாட்டின் தேசிய உணவு பிரியாணி. தேசிய பானம் குவார்ட்டர். செலாவணி ஐநூறு ரூபாய்த் தாள். மிக்சிக்கும் கிரைண்டருக்கும் ஐந்தாண்டுகளை எழுதிக் கொடுத்துவிட்டு, கொடி பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்பவர்கள் அதன் குடிமக்கள். கீழ்க்கட்டளையில் தொடங்கி மேடவாக்கம், குரோம்பேட்டை, தாம்பரம் வரை எந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவுக்குள் நுழைந்தாலும் இந்தக் குடியரசின் செய்திகளைப் படிக்கலாம். நம் தோழர்களே கூட சிரித்துவிட்டு அடுத்த குழுவுக்குத் தள்ளிவிடுகிறார்கள்.

தேர்தல் கேலிக்கூத்தாகிவிட்டது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. அப்படி ஆக்கியது யார் என்பதில்தான் சண்டை. இந்த நகைச்சுவையில் அடிவாங்குகிறவர் எப்போதும் ஒரே ஆள்தான்: குடிசைப் பகுதியில் இருக்கிற, கூலிக்குப் போகிற, பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த வாக்காளர். காசு கொடுப்பவர், சாதி பார்த்து சீட்டு கொடுப்பவர், வென்றவரை நாற்காலியில் உட்கார விடாதவர் ஆகிய மூவரும் இந்தக் கற்பனைக் குடியரசில் வசிப்பதே இல்லை.

இந்தக் குடியரசு வாட்ஸ்அப்பில் பிறந்ததும் அல்ல. சோ ராமசாமி 1968இல் மேடையேற்றி 1971இல் படமாக்கிய 'முகமது பின் துக்ளக்' ஒரு முழு பொதுத்தேர்தலையே நையாண்டி செய்தது. பதினான்காம் நூற்றாண்டுச் சுல்தான் உயிரோடு திரும்பி வந்ததாக ஊர் நம்புகிறது. அவர் தேர்தலில் நிற்கிறார், இந்தியாவின் பிரதமராகிறார். ஆதரவு தருகிற எம்.பி.க்களுக்கெல்லாம் துணைப் பிரதமர் பதவி. ஆட்சிமொழி பாரசீகம். பதவிக்காகக் கட்சி தாவியவர்களை அந்த நாடகம் வெளுத்து வாங்கியது. அதற்குரிய பாராட்டைக் கொடுத்துவிடலாம். ஆனால் கதை எங்கே போய் முடிகிறது? சுல்தான் போலி என்ற உண்மையைச் சொல்ல வந்தவர் மீதே கூட்டம் பாய்கிறது. போலிச் சுல்தான் பிரதமராகவே நீடிக்கிறார். கடைசித் தீர்ப்பு அரசியல்வாதிக்கு எதிரானதாக இல்லை. 'இந்த ஜனங்களுக்கு இதுதான் லாயக்கு' என்பதே அரங்கை விட்டு வெளியே வருகிறவர் கொண்டுபோகும் பாடம்.

நாடகம் வந்த ஆண்டையும் கவனியுங்கள். 1967இல்தான் தமிழ்நாட்டு மக்கள் முதல்முறையாக வாக்குச்சீட்டால் காங்கிரஸ் ஆட்சியை இறக்கினார்கள். வாக்கு வேலை செய்கிறது என்று சாமானியர் கண்டுகொண்ட மறு ஆண்டிலேயே, வாக்களிப்பவர் மூடர் என்ற நகைச்சுவை மேடையேறிவிட்டது. கூட்டத்தின் கையில் அதிகாரம் போனால் என்ன ஆகும் என்ற அச்சம் யாருக்கு இருந்தது என்று விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த அச்சம் பழையது. வெள்ளையர் ஆட்சியில் சொத்தும் வரி ரசீதும் படிப்பும் இருந்தவருக்கே வாக்கு. சேரிக்கு வாக்கு இல்லை. 1919இல் சவுத்பரோ குழுவின் முன் சாட்சி சொன்ன இளைஞர் அம்பேத்கர், இந்தச் சொத்துத் தகுதி தீண்டப்படாதோரை அப்படியே வெளியே தள்ளிவிடும் என்று வாதாடினார். 1928இல் சைமன் குழுவிடம் வயது வந்த அனைவருக்கும் வாக்குரிமை கேட்டார். படிக்காதவருக்கு எதற்கு வாக்கு என்ற கேள்வி அன்றைக்கும் இருந்தது. எல்லாத் தடைகளையும் தாண்டித்தான் அரசியல் சட்டத்தின் 326ஆம் பிரிவு வந்தது. 1951-52இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் 17 கோடிக்கும் அதிகமானோர் வாக்காளர்கள். அவர்களில் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். அவர்களுக்காகத்தான் சின்னங்கள் வந்தன. இன்று படித்தவர் கேலி செய்கிற அந்தச் சின்ன அரசியல், எழுத்தறிவு மறுக்கப்பட்டவர் வாக்குச்சாவடிக்குள் நுழைவதற்குத் திறந்த கதவு.

கேலிக்கூத்தான தேர்தலைப் பார்க்க வேண்டுமா? கற்பனை தேவையில்லை, மதுரைக்குப் போனால் போதும்.

1996இல் மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளின் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. பத்தாண்டுகள் அங்கே தலைவர் இல்லை. அறிவிப்பு வரும். வேட்புமனு தாக்கல் செய்ய ஆள் வரமாட்டார், வரவிடமாட்டார்கள். சில முறை மனு வரும். ஆதிக்க சாதியினரே கூடிப் பேசி, தங்களை அண்டிப் பிழைக்கிற ஒரு தலித்தை நிறுத்துவார்கள். அவர் வெல்வார். பதவியேற்ற கையோடு ராஜினாமாக் கடிதம் கொடுப்பார். மறுபடியும் அறிவிப்பு, மறுபடியும் வெற்றி, மறுபடியும் ராஜினாமா. வாக்குப்பெட்டி வந்தது, காவல்துறை வந்தது, மை வைத்தார்கள், எண்ணினார்கள், சான்றிதழ் கொடுத்தார்கள். சட்டப்படி எல்லாம் சரியாகவே நடந்தது. தேர்தல் மட்டும் நடக்கவில்லை. எந்த நாடக ஆசிரியருக்கு இப்படி எழுத வரும்?

2006 அக்டோபரில்தான் அந்த நான்கு ஊர்களுக்கும் நிலைத்து நிற்கிற தலைவர்கள் கிடைத்தார்கள். தலித் இயக்கங்களும் இடதுசாரிகளும் விடாமல் போராடியதும், மாவட்ட நிர்வாகம் மனம் வைத்து இறங்கியதும் அதற்குக் காரணம். நவம்பரில் சென்னையில் 'சமத்துவப் பெருவிழா' என்ற பெயரில் அரசு விழா எடுத்தது. ஓர் ஊராட்சித் தலைவர் பதவியில் நீடிப்பதற்கு முதலமைச்சர் தலைமையில் விழா எடுக்க வேண்டியிருந்தது என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

ராஜினாமா செய்ய மறுத்தால் என்ன ஆகும்? மேலவளவு சொல்லும். அங்கும் 1996இல் தலைவர் பதவி ஒதுக்கப்பட்டது. தடைகளை மீறி வென்ற முருகேசன், 1997 ஜூன் 30 அன்று பேருந்தில் ஊர் திரும்பும்போது வழிமறித்து வெட்டிக் கொல்லப்பட்டார். அவரோடு மேலும் ஐந்து பேர். ஆயுள் தண்டனை பெற்றவர்களில் 13 பேரை 2019 நவம்பரில் தமிழ்நாடு அரசு முன்கூட்டியே விடுதலை செய்தது. வாக்கை விற்றவரைப் பற்றி ஆயிரம் மீம் போட்ட தமிழ்ச் சமூகம், வாக்குக்காக உயிர் கொடுத்தவரின் பெயரைப் பள்ளியில் சொல்லிக் கொடுத்ததா?

'அதெல்லாம் பழைய கதை' என்பவர்களுக்கு: 2020இல் கடலூர் மாவட்டம் தெற்கு திட்டையில் ஊராட்சித் தலைவரான தலித் பெண் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்டார். அதே ஆண்டு திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலித் பெண் தலைவர் சுதந்திர நாளில் கொடியேற்ற முடியவில்லை. 2022 ஆகஸ்டில், நாடு விடுதலையின் 75ஆம் ஆண்டைக் கொண்டாடிக்கொண்டிருந்தபோது, பட்டியல் சாதி ஊராட்சித் தலைவர்கள் கொடியேற்றுவதை உறுதி செய்யுங்கள் என்று தலைமைச் செயலாளரே மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

இது கிராமத்தின் நோய் என்று நகரம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. 1932 பூனா ஒப்பந்தத்தில் தனி வாக்காளர் தொகுதி கைவிடப்பட்டு, தனித்தொகுதி வந்தது. வேட்பாளர் நம் ஆள், வெற்றியைத் தீர்மானிப்பது மற்றவர் என்பதே அதன் கணக்கு. பாப்பாபட்டியின் ராஜினாமாக் கடிதம் இந்தக் கணக்கின் பச்சையான வடிவம். பெரிய கட்சிகளில் அது நாகரிகமாக நடக்கிறது: தனித்தொகுதியில் வாயாடாத ஆளைத் தேடு, பொதுத்தொகுதியில் தலித் ஒருவரை நிறுத்தும் பேச்சையே எடுக்காதே. பிறகு அவரைப் பார்த்து 'பொம்மை' என்று சிரி. கயிறு பிடித்திருக்கிற கையைப் பார்த்துச் சிரிப்பவரை நான் அதிகம் பார்த்ததில்லை.

எங்கள் கீழ்க்கட்டளைக்கே வருவோம். பழைய பல்லாவரம் நகராட்சிக்குள் இருந்த ஊர் இது. உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. இட ஒதுக்கீடு தொடர்பான வழக்கில் உயர் நீதிமன்றம் தேர்தல் அறிவிப்பை ரத்து செய்ய, பிறகு வார்டு வரையறை என்று இழுத்தடிக்க, 2022 பிப்ரவரி வரை நகர்ப்புறங்களில் தேர்தல் நடக்கவில்லை. இடையில் பத்து உள்ளாட்சிகளை இணைத்து 70 வார்டுகளோடு தாம்பரம் மாநகராட்சியும் பிறந்துவிட்டது. ஐந்தாண்டுக்கு மேல் எங்களுக்குக் கவுன்சிலர் கிடையாது. குப்பையும் சாக்கடையும் தண்ணீரும் அதிகாரிகள் கையில். ஒரு பதவிக்காலம் முழுவதும் வாக்குரிமையைக் காணோம். அதைப் பற்றி எத்தனை மீம் வந்தது? தேர்தல் இல்லாமலிருப்பது நன்றாகப் படித்தவரை உறுத்தவில்லை. அவருக்கு அதிகாரியின் கைபேசி எண் தெரியும். சந்துக்குள் மழைநீரில் நிற்கிறவருக்குத்தான் கவுன்சிலர் வேண்டும். அவரிடம் இருந்த ஒரே செல்வாக்கு அந்த வாக்கு.

யார் வாக்கை மதிக்கிறார் என்பதை எண்களே சொல்லிவிடுகின்றன. 2024 மக்களவைத் தேர்தலில் தருமபுரியில் 81 சதவீதத்துக்கு மேல் வாக்களித்தார்கள். மத்திய சென்னையிலும் தென்சென்னையிலும் ஏறத்தாழ 54 சதவீதம். 2022 சென்னை மாநகராட்சித் தேர்தலில் பாதிப் பேர்கூட வரவில்லை. விடுமுறைக்கு ஊட்டி போய்விட்டு வந்து 'ஜனங்க காசு வாங்கிட்டுப் போட்டுட்டாங்க' என்பவரைப் பார்த்துத்தான் முதலில் சிரிக்க வேண்டும்.

காசு வாங்குவது சரியா என்று கேட்பீர்கள். சரியில்லை, வாங்கக் கூடாது. ஆனால் சட்டம் கொடுப்பவரையும் குற்றவாளி என்றே சொல்கிறது. 2017இல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலும், 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தலும் பணப் பட்டுவாடாவால் ரத்தாயின. வாக்காளர் அந்தப் பணத்தை அச்சடிக்கவில்லை. அது டெண்டரிலும் மணலிலும் மனையிலும் எடுத்த பணம். கோடிகளோடு வருகிறவர் 'செல்வாக்கு மிக்க வேட்பாளர்', ஐநூறோடு நிற்கிறவர் 'விலைபோன ஜனம்' என்றால், அந்த நகைச்சுவைக்கு ஒரு சாதி இருக்கிறது, ஒரு வர்க்கம் இருக்கிறது. குற்றத்தைக் கண்டிக்கிற பாவனையில் அது ஏழையைத்தான் கண்டிக்கிறது.

மக்களே தேர்தலை நையாண்டி செய்தால் அரசு என்ன செய்யும் என்பதற்கும் நம்மிடம் ஆதாரம் இருக்கிறது. 1996இல் மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதியில் தங்கள் கோரிக்கைகளைக் கேட்காத அரசுக்கு எதிராக விவசாயிகள் கூட்டமாக மனு போட்டார்கள். களத்தில் 1,033 வேட்பாளர்கள். வாக்குச்சீட்டு புத்தகமானது, தேர்தல் தள்ளிப்போனது. பதில் உடனே வந்தது. அதே ஆண்டில் சட்டமன்ற வேட்பாளருக்கான வைப்புத்தொகை பொதுப் பிரிவினருக்கு 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயானது. பிறகு 2009இல் 10,000. மேலிருந்து வரும் கேலிக்குக் கைதட்டல். கீழிருந்து வரும் கேலிக்கு அபராதம்.

அப்படியானால் தேர்தலைக் கேலி செய்யவே கூடாதா? தாராளமாகச் செய்யலாம். 2021இல் வந்த மடோன் அஸ்வினின் 'மண்டேலா' ஒரு வழியைக் காட்டியது. சூரங்குடி என்ற கற்பனைக் கிராமத்தில் இரண்டு சாதிகள் சம பலத்தில் நிற்கின்றன. அதுவரை பெயர்கூட இல்லாமல் எல்லோருக்கும் எடுபிடி வேலை செய்துகொண்டிருந்த முடிதிருத்தும் தொழிலாளியின் ஒற்றை வாக்கு முடிவைத் தீர்மானிக்கும் நிலை வருகிறது. அவரும் முதலில் தனக்கு வேண்டியதை வாங்கிக்கொள்கிறார். ஆனால் படம் அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அவரைக் கும்பிட்டு நிற்க வேண்டிவந்த சாதிப் பெரியதனத்தைப் பார்த்துச் சிரிக்கிறது. பிறகு அவர் சாலையும் பள்ளியும் கேட்கிறார். வாக்கு என்பது மனிதராக நிமிர்வதற்கு ஒரு கருவி என்று நம் தாத்தா பாட்டிகள் புரிந்துகொண்ட விஷயத்தைத்தான் அந்தப் படம் சொன்னது.

இப்போது ஒரு வேலை இருக்கிறது. 28 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிகளுக்கு 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்தபோது, தேர்தல் நடத்தாமல் அவற்றைத் தனி அலுவலர்களிடம் ஒப்படைத்தார்கள். தலித் பெண் ஒருவர் தலைவராக உட்கார வேண்டிய நாற்காலியிலும் அப்போது அதிகாரி உட்கார்ந்தார். உள்ளாட்சித் தேர்தலைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு முறையும் எதிர்த்துக் குரல் கொடுப்போம். உங்கள் சொந்த ஊர் எந்த ஒன்றியத்தில் இருக்கிறதோ, அங்கே ஒதுக்கப்பட்ட ஊராட்சிகள் எவை என்று பாருங்கள். வேட்பாளரை முடிவு செய்தது யார் என்று விசாரியுங்கள். கிராம சபை நாளில் நேரில் போய், தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாரா, கொடியை ஏற்றுவது யார் கை, காசோலையில் கையெழுத்து யாருடையது என்று பாருங்கள். அங்கே கேலிக்குரிய காட்சி கண்ணில் பட்டால், தயங்காமல் படம் பிடித்து மீம் போடுங்கள். அதை நானும் பகிர்கிறேன்.