கோட்டையில் படம் பிடிக்கலாம், பேரு கிறுக்கலாமா?

சங்ககிரி மலைக்கோட்டை மேலே நின்று பார்த்திருக்கிறீர்களா? சேலம்–கோவை ரோட்டில் லாரிகள் எறும்புச் சாரை மாதிரி ஊர்ந்து போகும். ஒரு பக்கம் திருச்செங்கோட்டு மலை. படியேறிய கால்வலி எல்லாம் பறந்துவிடும்!

ஞாயிற்றுக்கிழமையானால் வாலிபர்கள் செல்போனும் கையுமாக ஏறுகிறார்கள். ஆசை தீரப் படம் பிடிக்கட்டும். யார் வேண்டாம் என்றது?

ஆனால் சில ஆசாமிகள் செய்கிற காரியம் என்ன? கோட்டைச் சுவரில் காதலி பேரை ஆணியால் கீறுகிறார்கள். பாறையில் பாட்டிலை உடைக்கிறார்கள்.

இது என்ன சாதாரண இடமா? வெள்ளையனை எதிர்த்த தீரன் சின்னமலையை 1805-ம் ஆண்டு ஜூலை 31-ந் தேதி தூக்கில் போட்ட இடம்! ஆடிப்பெருக்குக்கு மாலை போடுகிறோம். மறுநாளே சுவரைக் கீறினால் அந்த மாலைக்கு என்ன மரியாதை?

விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். இது மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னம். சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை ஜெயில், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. 2010-ம் ஆண்டிலேயே சட்டத்தைத் திருத்தி, தண்டனையைக் கடுமையாக்கி விட்டார்கள்.

அதிகாரிகளும் கீழ் வாசலோடு நிற்காமல், விடுமுறை நாளிலாவது உச்சி வரை காவல் போட வேண்டும்.

"நானும் வந்தேன்" என்பதற்கு அத்தாட்சி வேண்டுமா? செல்போனில் ஒரு படம் போதுமே! சுவரில் கீறின பேரும் அத்தாட்சிதான். ஆனால் அது போலீசுக்கு!